வெளியே விட்ட செருப்பு

எந்த இரும்பையும் அப்பாதுரை முதலில் புறங்கையால்தான் தொடுவான். பழுது பார்க்க வந்த ரேடியோவானாலும் சரி, தெருக்குழாயின் கைப்பிடியானாலும் சரி, பேருந்தில் ஏறுவதற்குப் பிடிக்கும் கம்பியானாலும் சரி, விரல்களை மடக்கிப் புறங்கையை லேசாக ஒற்றியெடுத்த பிறகே உள்ளங்கையை வைப்பான். மின்சாரம் பாயும் இரும்பை உள்ளங்கையால் பிடித்தால் விரல்கள் தாமாகவே இறுகிக்கொள்ளும். பிடித்ததை விட முடியாது. புறங்கையால் தொட்டாலோ கை உதறிக்கொண்டு விலகிவிடும். திண்டிவனத்து ரேடியோ கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் படிந்த பழக்கம் அது. கல்யாணத்தன்று தாலி கட்டுவதற்கு முன்னால் பெண்ணின் கழுத்தையும் அவன் புறங்கையால் தொட்டுப் பார்த்தான் என்று சவுரிராயன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

சவுரிராயன் அதே கடையில் எதிர் மேசையில் உட்கார்ந்து வேலை செய்தவன். பிரம்மதேசம் போகும் சாலையில் ஒரு சிற்றூரின் கடைசித் தெரு அவனுடையது. அவனுக்கு இந்த எச்சரிக்கையெல்லாம் கிடையாது. எதையும் வாரி அணைத்துத்தான் தூக்குவான். "நீ தொட்டுத் தொட்டுப் பாத்துக்கினே இருந்தா எப்படா வேலைய முடிப்ப?" என்று நண்பனைச் சீண்டுவான். ஆனால் கனவு இருவருக்கும் ஒன்றுதான். ரேடியோவை நம்பி இனி வயிறு வளர்க்க முடியாது, கம்ப்யூட்டர் என்று ஒன்று வந்திருக்கிறது, அதைப் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டால் மாதம் பிறந்தால் கௌரவமான சம்பளம் வரும் என்று மதியச் சோற்று வேளைகளில் பேசிப் பேசி அந்தக் கனவுக்கு மெருகு ஏற்றியிருந்தார்கள். முதலில் போனவன் சவுரிராயன். விழுப்புரத்தில் ரயில் நிலையத்துக்குப் பின்புறம் புதிதாகத் தொடங்கிய ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அவனுக்கு வேலை கிடைத்தது. இன்னொரு ஆள் வேண்டுமென்றால் அது நீதான் என்று அப்பாதுரையின் தோளில் தட்டிவிட்டுப் போனான்.

ஓராண்டு நிறைவதற்குள், ஐப்பசி மழையில், அவனைப் பிணமாகக் கொண்டுவந்து தெருமுனையில் இறக்கினார்கள்.

குடித்துவிட்டுச் சாலையோரத்தில் மழையில் விழுந்து கிடந்தான், தூக்கிப் பார்த்தபோது உயிர் இல்லை என்று வண்டியில் வந்தவர் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாராம். அப்பாதுரை போய்ச் சேர்ந்தபோது பிணத்தை வீட்டு வாசலில் கிடத்தியிருந்தார்கள். சட்டையெல்லாம் சாராய நெடி. சவுரிராயனின் தகப்பன் சாராயத்தால் செத்தவன். அந்தச் சாவின்போது, மீசை முளைக்காத வயதில், இந்தச் சனியனை நாவால் தீண்டமாட்டேன் என்று தாயின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தவன் மகன். தாய் சின்னபொண்ணு அன்று குனிந்து அந்தச் சட்டையை முகர்ந்து பார்த்தாள். பிறகு, தெருவே பார்த்திருக்க, செத்துக் கிடந்தவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.

அழவில்லை. அறைந்துவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மண் தள்ளும்போது அப்பாதுரைக்கும் துக்கத்தைவிடக் கோபமே மிகுந்திருந்தது. கல்லறைக்குச் சிலுவை நடவில்லை. ஒரு மெழுகுவத்தி கொளுத்தவும் தாய் அந்தப் பக்கம் போகவில்லை என்று பின்னர் கேள்விப்பட்டான்.

அதற்கடுத்த ஆண்டு, எண்பத்தெட்டில், அப்பாதுரையின் மனைவி செண்பகம் வயிற்றுப் பிள்ளையோடு அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டைச் செடி பிடுங்கக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள். பிரசவத்துக்கு முன்பாவது அவளை வீட்டில் உட்காரவைக்க வேண்டும் என்பது ஒன்றே அவனுடைய ஆசை. ரேடியோ கடைச் சம்பளத்தில் அது நடக்காது. தபாலில் படித்து வாங்கிய சான்றிதழைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு புதுச்சேரிக்கும் சென்னைக்கும் அலைந்தான். ஒரு குளத்துக்குக் காவலிருந்த ஆமை, நீந்தத் தெரிந்த வாத்துக்கே இங்கே இடம் என்றதாம். நீந்திப் பழகக் குளம் எங்கே என்று வாத்துக்குஞ்சு கேட்டதும் ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டதாம். அப்பாதுரை ஏறி இறங்கிய அலுவலகங்களிலெல்லாம் அந்த ஆமையே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

விழுப்புரத்து சென்டரில் ஓராண்டாகப் பழுது பார்க்க ஆளில்லை என்ற செய்தி அப்போதுதான் எட்டியது. செத்தவன் உட்கார்ந்த இடத்தில் போய் உட்கார்வதா என்று கூசியது. மண் அப்பிய கால்களைக் கழுவிக்கொண்டிருந்த செண்பகம், குனிய முடியாமல் ஒரு கணம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் காலை அவன் பேருந்து ஏறினான்.

ஒரு காலத்தில் நெல் வியாபாரியின் குடும்பம் வாழ்ந்த ஓட்டு வீடு அந்த சென்டர். கூடம் நீளமாக இருட்டிக் கிடந்தது. அதன் கோடியில் இருந்த உள்ளறையில்தான் கம்ப்யூட்டர்கள் இருந்தன. தூசி படாமலிருக்க ஜன்னல்களை அடைத்துக் கனத்த திரை தொங்கவிட்டு, சுவரைக் குடைந்து ஏ.சி. வைத்திருந்தார்கள். அறை வாசலில், செருப்பை வெளியே விடவும் என்று பலகை. வெள்ளிக்கிழமைகளில் கற்பூரம் காட்டுவதும் உண்டு.

உரிமையாளர் சீனுவாசனுக்கு நாற்பது வயதிருக்கும். காணைப் பக்கம் கரும்பு பயிரிடும் குடும்பம். சென்னையில் படித்துவிட்டு வந்தவர். பேசும்போது அடிக்கடி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அனுபவத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. சான்றிதழையும் பார்க்கவில்லை.

"நெஞ்சு நல்லா இருக்கா ஒனக்கு? வலி, படபடப்பு அந்த மாதிரி ஒண்ணும் இல்லையே?"

இல்லை என்றான் அப்பாதுரை.

"இங்க முன்னால வேலை செஞ்ச பையனைத் தெரியுமா?"

குடித்துச் செத்தவனுடைய கூட்டாளி என்று தெரிந்தால் வேலை கிடைக்குமா? செண்பகம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது கண்முன் வந்தது.

"தெரியாது சார்" என்றான்.

அந்தச் சொல் வாயை விட்டுப் போனதும், அடைத்த கதவின் கீழிடுக்கிலிருந்து வந்த குளிர்க்காற்று அவனுடைய வெறுங்கால்களைத் தடவிக்கொண்டு போயிற்று.

அன்று ஒரு கம்ப்யூட்டரைத் திறந்து, துரு ஏறிய இணைப்புகளைச் சுரண்டித் துடைத்து மாட்டினான். கறுத்த திரையில் பச்சைப் புள்ளி ஒன்று தோன்றித் துடித்தது. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் கிருஷ்ணவேணி கைதட்டினாள். "சாமி கண்ணைத் தொறந்துடுச்சு. கோயில்லகூட இவ்ளோ ஆசாரம் கெடையாதுங்க. தாலிகட்டுன புருசன்கூட செருப்போட உள்ள வர்றான், இதுக்கு மட்டும் ஆவாது" என்று சிரித்தாள். மனம் குளிர்ந்து வெளியே வந்த அப்பாதுரை செருப்பைத் தேடினான்.

பலகையின் கீழே விட்ட செருப்பு அங்கே இல்லை.

கிருஷ்ணவேணிதான் உள்ளேயிருந்து கூப்பிட்டாள். அறையின் மூலையில், கம்ப்யூட்டர்களுக்கு மின்சாரத்தை அளவாக்கித் தரும் கனத்த இரும்பு ஸ்டெபிலைசர் பெட்டி இருந்தது. அதன் எதிரில் அவனுடைய ரப்பர் செருப்புகள் ஒன்றையொன்று ஒட்டி, பெட்டியைப் பார்த்தபடி கிடந்தன.

யாரோ அந்தப் பெட்டிக்கு முன் நின்று கும்பிடுவது போல.

பிள்ளைகளின் குறும்பு என்று நினைத்தான். மறுநாளும் அதே இடத்தில் கிடந்தன. சீனுவாசன் பார்த்துவிட்டார். முதன்முறை முகம் சுளித்தார். அடுத்தமுறை, உன் வீட்டுக் கொல்லை என்று நினைத்தாயா என்று பிள்ளைகளின் எதிரிலேயே கேட்டார். அதற்கும் அடுத்தமுறை அவர் குரலை உயர்த்தவில்லை. இனி ஒருதரம் இப்படிக் கண்டால் கணக்கைத் தீர்த்துக்கொண்டு போய்விடு என்று மட்டும் சொன்னார். சொல்லும்போது அவர் பார்வை செருப்பில் இல்லை, பெட்டியில் நிலைத்திருந்தது. முகம் வெளிறியிருந்தது.

கிருஷ்ணவேணி அவனைக் கூடத்துக்கு அழைத்துப் போய்த் தாழ்ந்த குரலில் பேசினாள். முன்பு இருந்தவரும் இப்படித்தான் செருப்பு விஷயத்தில் சாரிடம் திட்டு வாங்குவார் என்றாள். அந்த மூலைக்குப் போகும்போது மட்டும் போட்டுக்கொள்கிறேன் என்று கெஞ்சுவாராம். சார் கேட்கமாட்டாராம்.

"குடிச்சிட்டு செத்துட்டாருன்னு சொன்னாங்க. எனக்கு நம்பிக்கை இல்லீங்க. டீயைத் தவிர எதையும் வாயில வைக்கமாட்டாரு. அதையும் எனக்குப் பாதி ஊத்திட்டுத்தான் குடிப்பாரு."

அப்பாதுரை தலை குனிந்துகொண்டான். அந்தப் பாதி டீயை அவனும் எத்தனையோ முறை குடித்தவன்.

வேலை போய்விடக் கூடாது என்பதற்காக அன்றுமுதல் செருப்பைக் கிருஷ்ணவேணியின் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னான். அவள் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அவன் உள்ளறைக் கதவைத் திறந்தான்.

மூலையில், பெட்டிக்கு எதிரே, செருப்புகள் காத்திருந்தன.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அவற்றை எடுத்துவந்து மறுபடி அலமாரியில் வைத்தார்கள். அவற்றின் அடிப்பக்கம் ஈரமாக இருந்தது. அன்று மழையே இல்லை.

மழை ஐப்பசியின் நடுவில் வந்தது. வானம் காலையிலிருந்தே கவிழ்ந்து கிடந்தது. பிற்பகலில் கொட்டத் தொடங்கியது. சிறிது நேரத்தில் கரண்ட் போயிற்று. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சீனுவாசன் முன்னறையில் விளக்கேற்றி ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். உள்ளறையின் சுவர் ஊறுகிறது, தண்ணீர் ஸ்டெபிலைசரின் அடிக்குப் போகிறது என்று கிருஷ்ணவேணி வந்து சொன்னபோது அவர் எழுந்திருக்கவில்லை. பேனாவை மட்டும் கீழே வைத்தார்.

"நீ போய்ப் பாரு அப்பாதுரை" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டே.

அப்பாதுரை வெறுங்காலோடு உள்ளே போனான். கனத்த திரைகளுக்குள் பகல் என்பதே இல்லை. ஏ.சி.யின் இரைச்சல் ஓய்ந்திருந்தது. அந்த அறையை அவன் இத்தனை நிசப்தமாக ஒருநாளும் கண்டதில்லை. ஊறிய சுண்ணாம்பின் வாடையும், என்றோ கொளுத்திய கற்பூரத்தின் வாடையும் கலந்து தொண்டையில் அடைத்தன. சுவரைத் தடவியபடி மூலைக்குப் போனான். பாதங்களின் அடியில் சில்லென்று தண்ணீர்.

மெயின் சுவிட்சு, ஸ்டெபிலைசர் பெட்டிக்குப் பின்னால் இருந்தது. பெட்டியை நகர்த்தினால்தான் கை எட்டும். தனியாளாக நகர்த்துவதென்றால் இரண்டு கைகளாலும் அணைத்து இழுக்க வேண்டும். கரண்டே இல்லாதபோது புறங்கை எதற்கு? வாழ்நாளில் முதன்முறையாக, தொட்டுப் பார்க்காமல், அவன் கைகளை அகல விரித்துக் குனிந்தான்.

அப்போது அறை லேசாகப் பச்சை நிறம் கொண்டது.

திரும்பிப் பார்த்தான். செத்துக் கிடந்த கம்ப்யூட்டரின் கறுத்த திரையில், அந்தச் சிறு புள்ளி துடித்துக்கொண்டிருந்தது.

கரண்ட் இல்லை.

புள்ளி துடித்தது. நின்றது. துடித்தது.

வாசற்பக்கம் ஓசை கேட்டது. ரப்பர் செருப்பு குதிகாலில் அடிக்கும் ஓசை. அவசரமில்லாத நடை. சத்தியமாக அவனுக்குத் தெரிந்த நடை. பல வருடங்கள் எதிர் மேசையிலிருந்து எழுந்து வந்த நடை. ஈரத் தரையில் சளக் சளக்கென்று அது அறையைக் கடந்தது. பச்சை வெளிச்சத்தில் அவனுடைய செருப்புகள் தெரிந்தன.

செருப்புகள் மட்டுமே தெரிந்தன.

அவனுடைய பாதங்களின் அருகே வந்து நின்றன. அப்பாதுரை ஒன்றைத் தொட்டான். இந்த நொடிதான் யாரோ காலை எடுத்துக்கொண்டதுபோல அதனுள் வெதுவெதுப்பு இருந்தது. காதோரம் மூச்சு பட்டது.

"போட்டுக்கடா."

அழுவதா ஓடுவதா என்று தெரியவில்லை. அவன் கால்கள் அவனைக் கேளாமலே செருப்புக்குள் நுழைந்தன. ஓர் அடி பின்வாங்கி நிமிர்ந்தான்.

கரண்ட் வந்தது.

ஏ.சி. உறுமியது. விளக்குகள் எரிந்தன. இரும்புப் பெட்டி உர்ரென்று ஒரு முனகலோடு உயிர் பெற்றது. பச்சைப் புள்ளி அணைந்துவிட்டது. அறையில் அவனைத் தவிர யாரும் இல்லை.

நெடுநேரம் அப்படியே நின்றான். பிறகு செருப்பைக் கழற்றாமலே மேசைக்குப் போய், சோதனை பல்பை எடுத்துவந்தான். அதன் ஒரு வயரைப் பெட்டியின் மேல் வைத்து, மற்றொன்றை நனைந்த தரையில் ஊன்றினான். பல்பு பளீரென்று எரிந்தது. பெட்டியின் உடல் முழுவதும் மின்சாரம். அதை வெறுங்காலோடு, ஈரத்தில் நின்று, அணைத்துப் பிடித்திருந்தால் விரல்கள் இறுகியிருக்கும். யார் வந்தும் பிரித்திருக்க முடியாது.

மின்சாரம் உடலில் ஏறாதபடி மண்ணுக்கு இறக்கிவிட வேண்டிய பச்சை எர்த் கம்பி பெட்டியிலிருந்து புறப்பட்டுச் சுவரின் ஓட்டைக்குள் போயிற்று. அப்பாதுரை மழையில் இறங்கிக் கொல்லைப்புறம் போனான். அதே ஓட்டையிலிருந்து கம்பி வெளியே வந்து ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கியது. கீழே உப்பும் கரியும் போட்டு நிரப்பிய குழி இருக்க வேண்டும். அங்கே ஆமணக்குச் செடி ஒன்று நின்றிருந்தது. கம்பியின் நுனி காற்றில் ஆடியது.

எதையும் வாரி அணைத்துத் தூக்குகிறவன், அந்த மூலைக்கு மட்டும் செருப்பு கேட்டுக் கெஞ்சியிருக்கிறான்.

அப்பாதுரை அந்த மழையில் உட்கார்ந்து, ஓராண்டுக்கு முன்னால் அழாத அழுகையை அழுதான்.

முன்னறைக்கு அவன் செருப்போடுதான் போனான். சீனுவாசன் அவன் கால்களைப் பார்த்தார். திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமல் மேசைமேல் வைத்தார்.

"சவுரிராயனை எனக்குத் தெரியும் சார். ஒரே தட்டுல சோறு துன்னவங்க. அன்னிக்குத் தெரியாதுன்னு சொன்னது பொய்யி. இப்ப நீங்க சொல்லுங்க."

அவர் சொன்னார். மூடி வைத்திருந்த பாத்திரம் சாய்ந்ததுபோல எல்லாம் வந்தது. சென்டர் தொடங்கியபோது அவசரத்தில் எர்த் குழி தோண்டவில்லை. சவுரிராயன் பலமுறை கேட்டான். தீபாவளி கழியட்டும் என்று இவர் தள்ளிப்போட்டார். இதேபோல ஒரு மழைநாளில் பெட்டியை நகர்த்தச் சொன்னார். செருப்பு போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டவனிடம், கரண்ட் இல்லாதபோது என்ன பயம் என்றார். அவன் பெட்டியை அணைத்திருக்கும்போது கரண்ட் வந்தது. ஓடிப்போய் ஃப்யூஸைப் பிடுங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உண்மை தெரிந்தால் ஒரு பிள்ளையும் படிக்க வராது என்ற பயம் அவரை ஆட்டியது. பிணத்தை ஏற்ற வந்த வண்டிக்காரனின் இருக்கைக்கு அடியில் ஒரு சாராய பாட்டில் இருந்தது. அதற்குப் பிறகு, அவனுக்கு நெஞ்சு பலவீனம், அதனால்தான் செத்தான் என்று தமக்குத் தாமே சொல்லிச் சொல்லி அதையே நம்பவும் தொடங்கிவிட்டார். குழியை இன்றுவரை தோண்டவில்லை. தோண்டினால், இத்தனை நாள் இல்லை என்று ஒப்புக்கொண்டதாகும்.

"நான்தான் ஊத்தினேன். சட்டைமேல. வாயில ஊத்தல அப்பாதுரை. வாயில ஊத்தக் கை வரல."

"அவங்கம்மா அந்தச் சட்டைய மோந்து பாத்தாங்க சார். பாத்துட்டு அவனைச் செவுள்ல அறைஞ்சாங்க. பொணத்தை."

சீனுவாசன் தெருமுனையோடு திரும்பிவிட்டவர். இது அவருக்குத் தெரியாது.

அப்பாதுரை தொடர்ந்தான். தன் குரல் கெஞ்சுகிறதா மிரட்டுகிறதா என்று அவனுக்கே தெரியவில்லை. "இந்த வேலை எனக்கு வேணும் சார். எம்பொண்டாட்டி வயித்துப் புள்ளையோட இந்த மழையிலயும் கொல்லை வேலைக்குத்தான் போய்க்கினு இருக்கா. ஆனா இதைத் தெரிஞ்சிக்கினு என்னால இங்க ஒக்கார முடியாது. நீங்க வந்து அந்தம்மாகிட்ட சொல்லுங்க. இல்லன்னா நான் போறேன்."

நாளை என்று அவர் சொல்லவில்லை. குடையைக்கூட எடுக்கவில்லை. அப்பாதுரை மீட்டர் பெட்டியிலிருந்து ஃப்யூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கிருஷ்ணவேணி கதவைப் பூட்டினாள். சீனுவாசனும் அப்பாதுரையும் திண்டிவனம் பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போனார்கள்.

அந்தத் தெருவை அடைந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கல்லறைத் திருநாளுக்காகக் கல்லறைத் தோட்டத்தில் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். மழையில் அது பால்போல வழிந்து பாதைக்கு வந்திருந்தது. அத்தகைய தெருக்களுக்குள் சீனுவாசனின் வீட்டார் யாரும் காலெடுத்து வைத்ததில்லை. தெருமுனையில் அவருடைய நடை ஒரு கணம் தயங்கியது. பிறகு நடந்தார்.

சின்னபொண்ணு அடுப்பில் கேப்பைக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள். அப்பாதுரையைக் கண்டு, வாப்பா என்றாள். பின்னால் நின்றவரைக் கண்டதும் எழுந்தாள்.

"நீதான அன்னிக்கு வண்டியில கொண்டாந்த ஆளு."

சீனுவாசன் அந்த மண்தரையில் முழங்காலிட்டு எல்லாவற்றையும் சொன்னார். எதையும் குறைக்கவில்லை. தம்மைக் காத்துக்கொள்ளும்படி ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. உங்கள் மகன் குடிக்கவில்லை என்று அவர் சொன்ன இடத்தில், அவள் கையிலிருந்த துடுப்பு நழுவிக் கூழில் விழுந்தது. அவள் தன் வலக்கையை விரித்து, அடுப்பு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சத்தியத்தைக் காப்பாத்திக்கினு வந்து படுத்திருந்தான்" என்றாள். "எம்புள்ளைய நான் அடிச்சிட்டேனே."

கூழ் அடிப்பிடித்துப் புகைந்தது. அப்பாதுரைதான் இறக்கிவைத்தான். கோர்ட்டோ போலீஸோ எதுவானாலும் தாம் தயார் என்றும், அவள் என்ன சொன்னாலும் செய்வதாகவும் சீனுவாசன் சொன்னார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"எங்கிட்ட மட்டும் சொன்னா ஆச்சா? அன்னிக்குத் தெருவே மூக்கைப் பொத்திக்கினு நின்னுச்சு. ஒவ்வொரு வூட்டாண்டயும் வந்து சொல்லு."

மூவரும் மழையில் இறங்கினார்கள். முதல் வீட்டு வாசலில் சீனுவாசனின் குரல் எழும்வரை சின்னபொண்ணு காத்திருந்தாள். இரண்டாவது வீட்டில் தானாக எழுந்தது. சவுரிராயன் குடிக்கவில்லை, என் வேலையில், என் தப்பால் செத்தான், சாராயத்தை ஊற்றியவன் நான் என்று வாசல் வாசலாகச் சொன்னார். சிலர் திட்டினார்கள். ஒருவன் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினான். ஒருத்தி காறித் துப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. இந்தத் தெரு முடிவதற்குள் தன் வேலையும் போய்விடும் என்று அப்பாதுரைக்குத் தெரிந்திருந்தது. செண்பகத்திடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஆனாலும் நின்ற இடத்தை விட்டு அவன் நகரவில்லை.

கடைசி வீடு, சின்னபொண்ணுவின் நாத்தனார் அம்சவள்ளியுடையது. அன்று பிணத்தைப் பார்த்து, அப்பன் ரத்தம் எங்கே போகும் என்று சொன்னவள் அவள். வாசலில் அரிக்கேன் விளக்கோடு நின்று முழுவதையும் கேட்டாள். கேட்டு முடித்தபோது அவள் கன்னம் நனைந்திருந்தது. உள்ளே வாங்க, நனையாதீங்க என்று விளக்கை உயர்த்திப் பிடித்தவள், மூவருக்கும் பின்னால் தெருவைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள்.

"அது யாரு, ஒங்ககூட வந்த புள்ள? அங்கயே நின்னுக்கினு நனையுதே. உள்ள வரச் சொல்லு அண்ணி."

அப்பாதுரையும் சீனுவாசனும் திரும்பினார்கள். விளக்கு வெளிச்சத்தில் மழை மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

சின்னபொண்ணு திரும்பிப் பார்க்கவில்லை.

"அவனுக்கு மழைன்னா ஆசை" என்றாள். "நிக்கட்டும்."

சீனுவாசன் வாசலை விட்டு இறங்கினார். அந்த வெற்றுத் தெருவின் நடுவே மழைக்கு எதிரில் நின்று, கைகூப்பி, எல்லா வீடுகளிலும் சொன்னதை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.